தாமதத்தை அளந்தவர்கள்

கலைக்கல்லூரியில் உளவியல் படிப்பவருக்கும் மருத்துவக் கல்லூரியில் உடலியல் படிப்பவருக்கும் பொதுவாக வரக்கூடிய கேள்விகளுள் ஒன்று எதிர்வினை நேரம் பற்றியது. அதை அளந்து பார்க்க ஒரு 30 சென்டிமீட்டர் அளவுகோல் போதும். ஒருவர் அதைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்திருக்க, மற்றவர் கீழ்முனையில் பூஜ்யக் கோட்டை ஒட்டி விரல்களை விரித்து வைத்துக் காத்திருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் அளவுகோல் விடப்படும். விழுவதைக் கண்டதும் பிடிக்க வேண்டும். விரல்கள் 20 சென்டிமீட்டர் கோட்டில் பிடித்திருந்தால், விழும் பொருளுக்கான சூத்திரப்படி கடந்த நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. இதற்குள் என்ன நடந்தது என்று கேட்டால் உடலியல் மாணவர் விழித்திரை, பார்வை நரம்பு, மூளைப் புறணி, தண்டுவடம், தசை என்று ஒரு பாதையை வரைந்து காட்டுவார். உளவியல் மாணவர் கண்டுகொள்ளல், இன்னதென்று அறிதல், முடிவெடுத்தல், செயல்படுதல் என்று படிகளாகப் பிரித்து எழுதுவார். இருவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். மனத்தின் வேலைக்கு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளக்கலாம் என்று முதலில் யாருக்கு, ஏன் தோன்றியது என்பது மட்டும் வினாத்தாளில் வருவதில்லை. நட்சத்திரம் பார்த்து மணி குறித்தவர்களின் தொழிலில் எழுந்த ஒரு தகராறு அதற்குத் தொடக்கம். ‘இது யாருடைய பிழை?’ என்று கேட்டுக்கொண்டிருந்தவரை அந்தத் தகராறு தீரவில்லை. ‘வேறுபாடு எவ்வளவு?’ என்று கேள்வி மாறிய பிறகு அதிலிருந்து ஓர் அறிவியலே கிளைத்தது. அப்படிக் கிளைத்த அறிவியல் மனத்தை எந்திரமாகச் சுருக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு; நடந்ததைப் பார்த்தால் அதற்கு நேர்மாறான முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் கிரீனிச் வான் ஆய்வகத்தின் அன்றாட வேலை, நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்து வைப்பது. கடிகாரத்தைச் சரிபார்ப்பதும், கப்பலோட்டிகளுக்கான பஞ்சாங்கத்தைக் கணிப்பதும் இந்தக் குறிப்புகளை நம்பியே நடந்தன. முன்னாள் அரச வானியலர் ஜேம்ஸ் பிராட்லி காலத்திலிருந்து வழங்கிவந்த முறைக்குக் கண்ணும் காதும் ஒருசேர வேலை செய்ய வேண்டும். தொலைநோக்கியின் பார்வைப் பரப்பில் மெல்லிய கம்பிகள் செங்குத்தாக வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். பார்ப்பவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்து நொடியை மனத்தில் வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, பெண்டுலத்தின் ஒவ்வொரு அடியையும் காதால் எண்ணிக்கொண்டே வருவார். நட்சத்திரம் நகர்ந்து கம்பியை நெருங்கும். கம்பிக்கு முன்னால் கடைசியாக அடித்த நொடியில் அது எங்கே நின்றது, கம்பியைத் தாண்டியபின் அடித்த நொடியில் எங்கே நின்றது என்ற இரண்டு இடங்களையும் நினைவில் வைத்து, இடைத்தூரத்தை மனத்துக்குள் பத்தாகப் பகுத்து, கம்பியைத் தொட்ட கணத்தை வினாடியின் பத்தில் ஒரு பங்கு வரை சொல்ல வேண்டும். கேட்பதையும் பார்ப்பதையும் நினைவையும் ஊகத்தையும் ஒன்றாகக் கட்டிய இந்த வேலையைத் தேர்ந்தவர்கள் அச்சுப் பிசகாமல் செய்வதாகத் தொழிலில் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை இருந்ததால்தான் ஒருவர் குறித்ததை இன்னொருவர் குறித்ததோடு கூச்சமின்றிச் சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

அரச வானியலர் நெவில் மாஸ்கலினுக்கு உதவியாளராக இருந்தவர் டேவிட் கின்னெப்ரூக். 1794இலும் 1795இன் முற்பாதியிலும் இருவர் குறிப்புகளும் ஒத்துப்போயின. 1795 ஆகஸ்ட் முதல் உதவியாளர் அரை வினாடி பிந்திக் குறிப்பதாக மாஸ்கலின் கண்டார். எடுத்துச் சொல்லியும் பிசகு குறையவில்லை, 1796 ஜனவரியில் 0.8 வினாடியாக வளர்ந்துவிட்டது. 0.8 வினாடியில் பூமத்திய ரேகையில் இருக்கும் ஒரு புள்ளி ஏறத்தாழ 370 மீட்டர் சுழன்றுவிடுகிறது. நொடியை விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனம் பொறுத்துக்கொள்ளும் அளவல்ல அது. பிராட்லியின் முறையைக் கைவிட்டு உதவியாளர் ஏதோ குழப்பமான முறையைத் தானே உண்டாக்கிக்கொண்டார் என்று முடிவுகட்டி அவரை வேலையிலிருந்து நீக்கினார் மாஸ்கலின். காரணத்தையும் ஆய்வகத்தின் அச்சிட்ட பதிவில் எழுதிவைத்தார். முதலாளி குறித்த நேரமே சரியான நேரம், அதிலிருந்து விலகுவது கவனக்குறைவு என்பது அன்றைய தொழில் ஒழுங்கு. இருவரும் உண்மையான கணத்திலிருந்து வெவ்வேறு அளவில் விலகியிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அந்த ஒழுங்கில் இடமில்லை.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து ஜெர்மன் இதழொன்றில் கிரீனிச் ஆய்வகத்தின் வரலாற்றைப் படித்தபோது இந்தச் செய்தியில் கண்ணை நிறுத்தியவர் ஃபிரிட்ரிக் பெசல். பிரெமன் நகர வணிக நிறுவனமொன்றில் பழகுநராகச் சேர்ந்து, தாமே வானியல் கற்று, கோனிக்ஸ்பர்க் வான் ஆய்வகத்தின் தலைவரானவர். அளவைகளில் தவிர்க்க முடியாத பிழைகள் இருக்கும், அவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு என்று கணிதவியலர் கவுஸ் காட்டியிருந்த காலம் அது. பெசலின் கண்ணுக்கு நீக்கப்பட்ட உதவியாளர் சோம்பேறியாகத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் திருத்திக்கொள்ள முயன்ற ஒருவரால் பெரிய பிசகொன்றைத் திருத்த முடியவில்லையென்றால், அது அவர் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். பிறகு தம்மைப் போன்ற தேர்ந்த வானியலரோடு தம்மையே ஒப்பிட்டுப் பார்த்தார். வால்பெக்கோடு ஒப்பிட்டபோது வேறுபாடு 1.041 வினாடி, 1823இல் ஆர்கெலாண்டரோடு ஒப்பிட்டபோது 1.223 வினாடி. கிரீனிச்சில் ஒருவர் வேலையிழந்த பிசகைவிட இது பெரிது. மூவரில் யாரையும் கவனக்குறைவானவர் என்று சொல்ல முடியாது. அன்று முதல் வானியலர் ஒவ்வொருவரும் மற்றவரோடு எவ்வளவு விலகுகிறார் என்று கண்டறிந்து, அதைத் திருத்தமாகக் கணக்கில் சேர்ப்பது வழக்கமாயிற்று. பிழை எண்ணாக மாறியது. எண்ணாக மாறியதும் அது பிழையாக இல்லாமல் போனது.

இங்கே வரலாற்றாசிரியர்கள் ஒரு தடையை எழுப்புவார்கள், அது நியாயமான தடைதான். கிரீனிச் நிகழ்ச்சியை உளவியலின் பிறப்புக் கதையாகச் சொல்வது பின்னாளைய பாடநூல்களின் வழக்கம். வானியலருக்கு மனத்தின் மேல் அக்கறை இருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது நம்பத்தக்க நேரம். வேறுபாட்டைக் கழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அது ஏன் வருகிறது என்று பெரும்பாலோர் விசாரிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மின்தந்தி வந்ததும், காதை விலக்கிவிட்டு, நட்சத்திரம் கம்பியைத் தொடும்போது சாவியை அழுத்திக் காகிதச் சுருளில் பதியும் முறைக்கு மாறினார்கள். உதவியாளர்களைக் கண்காணிப்பதும் வரிசைப்படுத்துவதும் இந்த ஏற்பாட்டின் பகுதியாகவே இருந்தன. இவை அனைத்தும் உண்மை. ஆனாலும் ஒரு துறையின் தேவை இன்னொரு துறைக்குக் கேள்வியைக் கையளிப்பதற்கு, கையளிப்பவர் அதை உணர்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வானியலர் விட்டுச்சென்றவை மூன்று: ஆளுக்கு ஆள் நேரம் வேறுபடும் என்ற மறுக்க முடியாத சான்று, வினாடியைப் பத்தாகவும் நூறாகவும் ஆயிரமாகவும் பகுக்கும் கருவிகள், அந்த வேறுபாட்டைப் பற்றிக் குற்றம் சாட்டாமல் பேசுவதற்கு ஒரு மொழி. இவை இல்லாமல் அடுத்து வந்தவர்கள் தொடங்கியிருக்க முடியாது என்பதை அவர்கள் கையாண்ட கருவிகளே காட்டுகின்றன.

அடுத்து வந்தவரும் கோனிக்ஸ்பர்குக்கே வந்தார். இன்று ரஷ்யாவில் கலினின்கிராத் என்று வழங்கும் அதே ஊரில்தான் இமானுவேல் கான்ட் வாழ்ந்து பாடம் சொன்னார். மனத்தைப் பற்றிய ஆய்வு முறையான இயற்கை அறிவியலாக ஒருபோதும் ஆகாது, ஏனெனில் அக அனுபவத்துக்குக் கணிதம் பொருந்தாது என்று 1786இல் எழுதியவர் அவர். பெசல் இறந்து மூன்றாண்டுகள் கழித்து, 1849இல், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு உடலியல் பேராசிரியராக வந்தார் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் முல்லர் கருதியிருந்தார். ஒளியைப் போன்ற வேகத்தை ஒரு சாண் நரம்பில் வைத்து எப்படி அளப்பது என்பது அவர் கேள்வி. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு தவளையின் கெண்டைக்கால் தசையை அதன் நரம்போடு சேர்த்து எடுத்தார். நரம்பைத் தசைக்கு அருகில் ஓரிடத்தில் மின்னால் தூண்டினார்; பிறகு சில சென்டிமீட்டர் தள்ளி இன்னோரிடத்தில் தூண்டினார். இரண்டு முறையும் தூண்டிய கணத்தில் ஒரு மின்னோட்டம் தொடங்கும், தசை சுருங்கித் தொடர்பைத் துண்டிக்கும்போது அது நிற்கும். இடையில் ஓடிய மின்னோட்டம் காந்த ஊசியை எவ்வளவு தள்ளியது என்பதிலிருந்து நேரத்தைக் கணித்தார். தசை தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டு முறையும் ஒன்றே. எண்ணெய் வாங்கும்போது தூக்கின் எடையைக் கழிப்பதுபோல ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், எஞ்சுவது இடைப்பட்ட நரம்புத் துண்டைக் கடக்க ஆன நேரம் மட்டும். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அது. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்.

1850 ஜனவரியில் பெர்லினுக்கு அனுப்பிய சிறு குறிப்பில் இந்த முடிவு வெளியானபோது பலருக்கும் அது எளிதில் செரிக்கவில்லை. காற்றில் ஒலி வினாடிக்கு 340 மீட்டர் ஓடுகிறது. நரம்பில் ஓடும் செய்தி அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. தத்துவத்தில் ஈடுபாடு கொண்ட பள்ளி ஆசிரியரான ஹெல்ம்ஹோல்ட்ஸின் தந்தையே, நினைப்பும் உடலின் செயலும் ஒரே கணத்தில் நிகழ்வன அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வருவன என்பதை ஏற்கத் தயங்கினார். அவர் தயக்கத்தின் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. நான் நினைத்தேன், கை அசைந்தது என்ற அன்றாட அனுபவத்தில் இடைவெளி எதுவும் தெரிவதில்லை. இந்த இடைவெளியை அனுபவம் ஒருபோதும் சொல்லியிருக்காது. கருவிதான் சொல்ல முடியும். கால்விரலில் ஒருமுறை, தொடையில் ஒருமுறை மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்து, கையை அசைக்கச் சொல்லி, மனிதரிடமும் இதே கழித்தலை ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்து பார்த்தார். விடைகள் தவளையிடம் வந்ததுபோல நிலையாக வரவில்லை. ஒரே ஆளிடம் ஒரே நாளில் எண்கள் மேலும் கீழும் போயின. நரம்பின் வேகத்தை மட்டும் தேடிய உடலியலருக்கு இந்த அலைச்சல் தொல்லை. அந்தத் தொல்லைதான் பின்னால் உளவியலின் பொருளாயிற்று.

கருவி ஒரு கைத்தொழிலிலிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்தின் நொய்ஷாத்தெல் கடிகாரம் செய்வோரின் ஊர். அங்கே 1858இல் தொடங்கிய வான் ஆய்வகத்தின் முதல் கடமை அவர்களுக்குத் துல்லியமான நேரத்தை அனுப்புவது. அந்த ஊரில் தந்திக் கருவித் தொழிற்சாலை நடத்திவந்த மத்தேயுஸ் ஹிப், வினாடியை ஆயிரத்தில் ஒரு பங்குவரை காட்டும் நேரமானி ஒன்றை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். வினாடிக்கு 1000 முறை அதிரும் ஓர் எஃகு நாக்கு அதன் சக்கரங்களின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். மின்காந்தம் முள்ளை ஓடும் சக்கரத்தோடு இணைக்கும், பிரிக்கும். தூண்டல் தொடங்கும்போது முள் ஓடத் தொடங்கும், ஆள் சாவியை அழுத்தும்போது நிற்கும். ஆய்வகத் தலைவர் அடால்ஃப் ஹிர்ஷ் 1860களின் தொடக்கத்தில் இதைக் கொண்டு வானியலரின் பழைய புதிரை நேரடியாக அளந்தார். பெசலின் முறை இருவருக்கிடையே உள்ள வேறுபாட்டைத்தான் சொன்னது. ஹிர்ஷின் கருவி ஒவ்வொருவரின் தாமதத்தையும் தனியே சொன்னது. ஒலிக்கு ஏறத்தாழ 0.15 வினாடி, கையைத் தொட்டால் 0.18, ஒளிக்கு 0.20. ஒலியைவிட ஒளி பல லட்சம் மடங்கு விரைந்து வந்தும், அதற்கு நாம் பிந்தியே எதிர்வினை செய்கிறோம். விழித்திரையில் ஒளி வேதிவினையாகி நரம்புச் செய்தியாக மாறுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கிறது. வேகம் உலகத்தில் ஒன்று, உடலில் வேறொன்று என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

நரம்பின் நேரத்திலிருந்து மனத்தின் நேரத்துக்குத் தாண்டியவர் ஹாலந்தில் உட்ரெக்ட் நகரத்துக் கண் மருத்துவர் ஃபிரான்ஸ் டோண்டர்ஸ். மூக்குக்கண்ணாடிக்குப் பவர் கணிக்கும் இன்றைய முறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். 1865இல் அவருடைய மாணவர் டி யாகர் செய்த சோதனையில், பாதத்தில் மின்னதிர்ச்சி உணர்ந்ததும் அதே பக்கக் கையை அசைக்க வேண்டும். எந்தப் பாதத்தில் வரும் என்று முன்பே தெரிந்தால் விடை சீக்கிரம் வரும். தெரியாவிட்டால் வினாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு பிந்தும். பாதம், நரம்பு, தண்டுவடம், தசை எல்லாம் இரண்டிலும் ஒன்றே. கூடுதலாக நடந்தது ஒன்றுதான்: இடமா வலமா என்று அறிந்து, கையைத் தேர்ந்தது. அப்படியென்றால் அந்தப் பதினைந்தில் ஒரு பங்கு, ஒரு முடிவுக்கு ஆகும் நேரம். 1868இல் டோண்டர்ஸ் இதை மூன்று வகைப் பணிகளாக ஒழுங்குபடுத்தினார். ஒரே தூண்டலுக்கு ஒரே எதிர்வினை. பல தூண்டல்களுக்குத் தனித்தனி எதிர்வினை. பல தூண்டல்கள் வந்தாலும் ஒன்றுக்கு மட்டும் எதிர்வினை. இவற்றை ஒன்றிலிருந்தொன்று கழித்துப் பாகுபடுத்த எவ்வளவு, தேர்ந்தெடுக்க எவ்வளவு என்று சொல்ல முடியும் என்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் நரம்பின் நீளத்தை மாற்றிக் கழித்தார்; டோண்டர்ஸ் பணியின் தன்மையை மாற்றிக் கழித்தார். கணக்கு அதேதான், கழிக்கப்பட்ட பொருள் மட்டும் உடலிலிருந்து மனத்துக்கு மாறிவிட்டது.

இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடம் லைப்சிக். ஹைடல்பர்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு உதவியாளராக இருந்த வில்ஹெல்ம் வுண்ட், 1861லேயே வீட்டுப் பெண்டுலக் கடிகாரம் ஒன்றை மாற்றியமைத்து வானியலரின் கண்-காது வேலையைச் சோதனையாக்கினார். பெண்டுலம் ஓரிடத்தைக் கடக்கும்போது மணி ஒலிக்கும். ஆனால் கேட்பவருக்கு அது வேறோர் இடத்தில் இருக்கும்போது ஒலித்ததாகவே தோன்றும். இரண்டையும் ஒரே கணத்தில் மனம் வாங்குவதில்லை, இடையே ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு வினாடி போகிறது என்று கணித்தார். 1875இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குத் தத்துவப் பேராசிரியராக வந்தார். மாணவர் உணவுக்கூடமாக இருந்த பழைய கட்டடத்தில் கருவிகள் வைக்க ஓர் அறை கிடைத்தது. 1879இல் அங்கே முறையான ஆய்வுகள் தொடங்கின. முதல் ஆய்வுகளுள் ஒன்று மாக்ஸ் ஃபிரிட்ரிக்கினுடையது: பார்த்ததைத் தெளிவாக உணர்ந்துகொள்ள எவ்வளவு நேரம்? அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஸ்டான்லி ஹால் அதில் சோதிக்கப்பட்டவர்களுள் ஒருவர், வுண்ட்டே இன்னொருவர். அந்த அறையின் வழக்கத்தில் கவனிக்க வேண்டியது இது. கருவியை இயக்குபவரும் சாவியை அழுத்துபவரும் இடம் மாறிக்கொள்வார்கள். சோதிக்கப்படுவது தாழ்ந்த நிலை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை, தேர்ந்தவரே அதற்குத் தகுதியானவர் என்று கருதப்பட்டார். பேராசிரியரும் தம் தாமதத்தை எண்ணாகக் காட்டினார். மாஸ்கலினின் ஆய்வகத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஏற்பாடு இது.

லைப்சிக்கில் கிடைத்த எண்கள் எதிர்பாராத திசையில் இழுத்தன. வுண்ட்டின் மாணவர் ஜேம்ஸ் மெக்கீன் கட்டெல் 1880களின் நடுவில், ஒரு தனி எழுத்தை அறிய ஆகும் நேரத்துக்கும் ஒரு சிறு சொல்லை அறிய ஆகும் நேரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டினார். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கிறோம் என்றால் சொல்லுக்குப் பன்மடங்கு நேரம் பிடித்திருக்க வேண்டும். தேர்ந்த வாசகர் சொல்லை முழுதாக வாங்கிக்கொள்கிறார் என்பது தொடக்கக் கல்வி வகுப்பறை வரைக்கும் எட்டிய முடிவு. 1888இல் லுட்விக் லாங்கே கண்டது இன்னும் ஆழமானது. ஒரே ஆள், ஒரே ஒலி, ஒரே சாவி. வரப்போகும் ஒலியின் மேல் கவனத்தை வைத்துக் காத்திருந்தால் ஒரு நேரம். அசையப்போகும் விரலின் மேல் கவனத்தை வைத்தால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வினாடி குறைவான நேரம். உடலில் எதுவும் மாறவில்லை, கவனம் திரும்பிய திசை மட்டும் மாறியது. வுண்ட்டின் மணிக் கடிகாரச் சோதனையிலும் இதையே கண்டார்கள். மணியை எதிர்பார்த்துக் கவனித்தவர்களுக்கு அது உண்மையில் அடிப்பதற்கு முன்பே கேட்டதுபோல இருந்தது. வானியலரின் ஆள்வேறுபாடும் இதனால் புது வெளிச்சத்தில் தெரிந்தது. ஒருவர் நட்சத்திரத்தைப் பற்றிக்கொண்டு பெண்டுலத்தைத் தேடுகிறார், இன்னொருவர் பெண்டுலத்தைப் பற்றிக்கொண்டு நட்சத்திரத்தைத் தேடுகிறார். கவனக்குறைவு என்று பெயரிடப்பட்டது கவனத்தின் திசையாக இருந்திருக்கலாம். அளவீடு நரம்பிலும் தசையிலும் தொடங்கி, எந்தக் கருவியிலும் இல்லாத, கவனம் என்ற ஒன்றில் வந்து நின்றது.

இந்தப் பெருமிதத்தின்மேல் விழுந்த முதல் அடி அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. வுண்ட்டின் உதவியாளராக இருந்த ஓஸ்வால்ட் குல்பே 1893இல், கழித்தல் முறையின் அடித்தளமே ஆட்டங்காண்கிறது என்று வாதிட்டார். நரம்பின் நீளத்தைக் கூட்டினால் தசை மாறுவதில்லை. பணியில் ஒரு தேர்வைக் கூட்டினால் மனம் அதே மனமாக இருக்குமா? இரண்டில் ஒன்று வரும் என்று தெரிந்தவுடனேயே ஆள் காத்திருக்கும் விதம் மாறிவிடுகிறது, உணரும் விதமும் மாறிவிடுகிறது. எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் தூக்கே எடை மாறும் என்றால் கழித்துக் கிடைப்பது எண்ணெயின் எடையல்ல. இதற்குச் சரியான பதில் அன்று இல்லை. எதிர்வினை நேர ஆய்வு அரை நூற்றாண்டுக்குமேல் மங்கியது. டோண்டர்ஸின் 1868 ஆய்வின் நூற்றாண்டையொட்டி ஹாலந்தில் கூடிய ஆய்வரங்கில் உளவியலர் சால் ஸ்டெர்ன்பர்க் ஒரு வழி காட்டினார். படியை முழுதாக நீக்கிக் கழிக்க வேண்டாம். ஒரே பணியில் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி நேரம் எப்படி வளர்கிறது என்று பாருங்கள் என்றார். சில எண்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஓர் எண்ணைக் காட்டி, அது அவற்றுள் உண்டா என்று கேட்டபோது, நினைவிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் ஏறத்தாழ 38 மில்லிவினாடி கூடிக்கொண்டே போனதை 1966இல் அவர் காட்டியிருந்தார். ஆக, குல்பேயின் தடை முறையைக் கொல்லவில்லை, அதைத் திருத்தியது. தன் கணக்கு எந்த நிபந்தனையில் செல்லும், எதில் செல்லாது என்று தானே கண்டுபிடிப்பதுதான் ஒரு துறை அறிவியலாக இருப்பதற்கு அடையாளம். கான்ட்டுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுவே.

இரண்டாவது தடை சுவை சார்ந்தது. அமெரிக்க உளவியலர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளிவந்த தம் பெருநூலில் இந்த ஜெர்மன் பொறுமையைக் கிண்டல் செய்தார்; எளிதில் சலிப்படையும் மக்களிடையே இது பிறந்திருக்கவே முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். அன்பு, துயரம், நம்பிக்கை எல்லாம் வெளியே காத்திருக்க, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியை எண்ணிக்கொண்டிருப்பது மனத்தை அறிவதாகுமா என்ற கேள்வி இன்றும் மாணவர்களுக்கு எழுகிறது. ஆனால் அதே ஜேம்ஸ் 1892இல் ஹார்வர்டின் ஆய்வகத்தை நடத்த வுண்ட்டின் மாணவர் ஹ்யூகோ முன்ஸ்டர்பர்கை வரவழைத்தார். முன்ஸ்டர்பர்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில்தான் 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை செயல்படத் தொடங்கியது. நம் கல்லூரிகளின் செய்முறைப் பதிவேட்டில் எதிர்வினை நேரம் இடம்பிடித்திருப்பதன் வேர் இந்த வழியில் இருக்கிறது. பெரிய கேள்விகளை வுண்ட் மறுத்ததும் இல்லை. மொழி, தொன்மம், வழக்காறு ஆகியவற்றைச் சோதனை அறையில் அளக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லி, அவற்றுக்காகத் தனியே பத்துத் தொகுதிகள் எழுதினார். சிறிய கேள்விக்கு உறுதியான விடை கிடைத்த பிறகுதான் பெரிய கேள்விக்கு எது விடையாகாது என்பதாவது தெரியவரும்.

மூன்றாவது தடைதான் கனமானது. எண் குற்றச்சாட்டை நீக்கியது என்று மகிழ்வதற்குமுன், அதே எண் புதிய பிரம்பாக மாறியதையும் பார்க்க வேண்டும். முன்ஸ்டர்பர்கே டிராம் வண்டி ஓட்டுநர்களைச் சோதித்து யார் வேலைக்குத் தகுதி, யார் தகுதியில்லை என்று தரம் பிரிக்கும் முறையை 1913இல் வெளியான நூலில் முன்வைத்தார். தொழிற்சாலைகளில் நொடி எண்ணும் கடிகாரங்கள் தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. வேறுபாடு இயல்பானது என்று காட்டிய அளவீடு, வேறுபடுபவரை விலக்கும் சல்லடையாகவும் பயன்பட்டது. இதை மறுக்க முடியாது. ஆனால் இந்தத் தவறு அளவிட்டதால் வந்ததல்ல, எண்ணைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோம் என்பதால் வந்தது. மருத்துவமனையில் நரம்புக் கடத்தல் சோதனையைப் பாருங்கள். மணிக்கட்டில் ஒருமுறை, முழங்கையில் ஒருமுறை நரம்பைத் தூண்டி, கட்டைவிரல் தசையின் விடையைப் பதிந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார்கள். இடைத்தூரம் 22 சென்டிமீட்டர், நேர வேறுபாடு 4 மில்லிவினாடி என்றால் வேகம் வினாடிக்கு 55 மீட்டர், நரம்பு நலம். நீரிழிவிலோ தொழுநோயிலோ இந்த வேகம் குறையும்போது, கையில் பலம் இல்லை என்று சொல்பவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. தவளைக்காலில் செய்த அதே கழித்தல், நோயாளியின் சொல்லுக்குச் சாட்சியாக நிற்கிறது.

சாலையில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. எதிரே தடையைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்குமுன் அதைக் காண வேண்டும், இன்னதென்று அறிய வேண்டும், முடிவெடுக்க வேண்டும், காலை அசைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் காத்திருந்து சாவியை அழுத்துபவருக்கு 0.2 வினாடி போதும். எதிர்பாராததை எதிர்கொள்ளும் ஓட்டுநருக்குப் போதாது. எனவே இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரநிலை, வண்டி நிற்கத் தேவையான பார்வைத் தூரத்தைக் கணிக்கும்போது இந்த வேலைக்கு 2.5 வினாடியை ஒதுக்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இதற்குள்ளேயே வண்டி ஏறத்தாழ 42 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிக்கும் தூரம் அதற்கு மேல். வளைவில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேட்டை எவ்வளவு தணிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணிலிருந்து புறப்படுகின்றன. மனிதருக்குத் தாமதம் உண்டு, அதைத் திட்டி நீக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தத் தாமதத்துக்கு மண்ணிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விபத்துச் செய்திகளில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்’ என்று எழுதி முடிக்கும்போது நாம் இன்னும் 1796இல்தான் இருக்கிறோம். அந்த வளைவில் அவருக்கு எத்தனை மீட்டர் தெரிந்தது என்று கேட்கிறவர்தான் இந்த இருநூறு ஆண்டுப் பாடத்தைப் படித்து முடித்தவர்.